மாதக்கணக்கில் நிற்கும் கேரவனுக்கு ஹேண்ட் பிரேக் போடலாமா?

நெடுவழி:
குளிர்காலத்தில் நான்கைந்து மாதம் நிற்கப்போகும் கேரவனின் (காரின் பின்னால் பூட்டி இழுக்கும் வீட்டு வண்டி) ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரங்களுக்குக் கட்டை மட்டும் கொடுத்தால் போதும் என்று பலர் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. பிரிட்டனில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் இழுவண்டிக்குப் பிரேக் கட்டாயம். ஆளில்லாமல் நிற்கும் வேளையில்தான் அது மிகவும் தேவை.

வெண்பனி:
நிற்கும் இடம் சமதளமானால் அவர்கள் சொல்வது சரியே. ஈரத்தில் டிரம், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளை, துருப்பிடிக்கும். பிரேக் போட்டு வைத்தால், அதை உள்ளிருந்து அழுத்தியபடியே இருக்கும் பிரேக் ஷூ என்ற வளைந்த கட்டை அதோடு ஒட்டிக்கொள்ளும். சென்ற வசந்தத்தில் என் வண்டியைக் காரில் பூட்டி இழுத்தபோது, இடப்பக்கச் சக்கரம் சுழலாமல், சரளைக்கல்லில் ஒரு முழ நீளத்துக்குப் பள்ளம் பறித்துக்கொண்டே வந்தது. டிரம்மைக் கழற்றித்தான் சரிசெய்ய முடிந்தது. இப்போது இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுப் பிரேக்கை விடுவித்துவிடுகிறேன்.

நெடுவழி:
என் வீட்டு முகப்போ தெருவை நோக்கிச் சரிகிறது. மழையில் நனைந்த செங்கல் தளத்தில் பிளாஸ்டிக் கட்டை சக்கரத்தோடு சேர்ந்தே வழுக்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒட்டிய ஷூவைப் பிரித்துவிடலாம். நடைபாதையில் போகும் குழந்தையின் மேல் ஒரு டன் வண்டி உருண்டால் என்ன செய்வது?

வெண்பனி:
சரிவில் பிரேக் வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அதை மட்டும் நம்புவதும் ஆபத்து. கேரவனைப் பின்னோக்கித் தள்ளும்போது சக்கரம் இறுகிவிடாதிருக்க, டிரம்முக்குள் ஷூவைத் தளர்த்தும் அமைப்பு ஒன்று உண்டு. அதனால் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும், வண்டி பின்னால் ஏறக்குறைய 25 செ.மீ. உருண்ட பிறகே, ஸ்பிரிங்கோ கேஸ் ஸ்ட்ரட் என்ற வாயு அழுத்தத் தண்டோ லீவரை மேலும் இழுத்து, பிரேக் முழுதாகப் பிடிக்கக்கூடும். லீவரை அதன் பற்சக்கரத்தில் நாலு பல் மட்டும் தூக்கிவிட்டு வண்டியைக் கழற்றுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். லீவரை நிமிர்த்தி, காரோடு பூட்டியபடியே வண்டியை மெல்லப் பின்னால் இறங்கவிட்டு, பிடித்ததும் மீண்டும் முழுதாகத் தூக்கி, சரிவின் கீழ்ப்பக்கம் கட்டை வைத்த பிறகே கழற்ற வேண்டும். முன்முனையைத் தாங்கும் சிறு சக்கரமான ஜாக்கி வீலும், மூலைகளில் இறக்கும் மூலைக்கால்களும் வண்டியைத் தாங்குமே தவிர, உருளாமல் பிடித்து வைக்காது.

நெடுவழி:
பின்னால் உருளும் அந்தத் தூரத்தை நான் கணக்கில் எடுத்ததே இல்லை. வண்டிக்கும் வெளிக்கதவுக்கும் இடையே ஒரு சாண்தான் விடுகிறேன். இனி முக்கால் மீட்டராவது விடுகிறேன், கனமான ரப்பர் கட்டையும் வைக்கிறேன். ஆனாலும் சரிவில் பிரேக்கை விடுவிக்க மாட்டேன். ஒட்டாதிருக்க மாதம் ஒருமுறை காரில் பூட்டி, சற்று நகர்த்தி நிறுத்துவேன்.

வெண்பனி:
அப்படியே செய்யுங்கள். கேரவனின் முன்முனைப் பூட்டான கப்ளிங், காரின் பின்னுள்ள டோ பால் என்ற இரும்பு உருண்டையில் சரியாக அமர்ந்து பூட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகே பிரேக்கை விடுவியுங்கள். கட்டையை எடுப்பது அதற்கும் பிறகுதான்.