ஈ-டைப், 240 இசட்: பழுது பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. ஜாகுவார் ஈ-டைப்பையும் டாட்சன் 240 இசட்டையும் ஒப்பிட்டு எழுதும்போது ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். 1961-இல் ஜெனீவாவில் அறிமுகமான பிரிட்டிஷ் கார் ஒன்று, 1969-இல் வந்த ஜப்பான் கார் இன்னொன்று. இரண்டுக்கும் நீண்ட மூக்கு, வரிசையாக ஆறு சிலிண்டர். ஜாகுவாரின் 3.8 லிட்டர் என்ஜினுக்கு முன்னால் டாட்சனுடையது 2.4 லிட்டர், சரி, வேகத்தில் ஜாகுவார்தான். அழகிலும்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் ஈ-டைப்பில் கிளட்ச் மாற்ற என்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். பின் டிஸ்க் பிரேக்கோ சக்கரத்தில் இல்லாமல் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி ஒளிந்திருக்கிறது. டாட்சனில் பின்னால் சாதாரண டிரம் பிரேக்தான். ஆனால் அந்தக் காருக்கு எமன் துரு.

இரண்டையும் கையில் கிரீஸோடு பார்த்தவர்கள் சொல்லுங்கள்: எது அதிகம் படுத்தும்? அப்புறம், பழைய ஈ-டைப்பின் முதல் கியர் அவ்வளவு முரண்டு பிடிக்குமா?