அச்சில் ஒரு பக்கச் சுருக்கம், இணையத்தில் மட்டும் முழுக் கட்டுரை: ஏற்பதா, எதிர்ப்பதா?

முதுகலை மாணவர்:
நான் உறுப்பினராக உள்ள மருத்துவச் சங்கம், அடுத்த தொகுதியிலிருந்து தன் ஆய்விதழின் முழுக் கட்டுரைகளை இணையத்தில் மட்டும் வெளியிட்டு, அச்சுப் பிரதியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கச் சுருக்கம் மட்டும் தரலாம் என்று முன்மொழிந்துள்ளது. பிரிட்டிஷ் மருத்துவ இதழான பிஎம்ஜே, ‘பிகோ’ என்ற பெயரில் இதைச் செய்ததை முன்னுதாரணமாகக் காட்டுகிறார்கள். வாக்களிக்கும் முன் உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

முறையியல் ஆய்வர்:
ஏற்க வேண்டும் என்பேன். பக்கக் கட்டுப்பாடு வந்தால் முதலில் வெட்டுப்படுவது ஆய்வுமுறைப் பகுதிதான். நோயாளிகளை எப்படிச் சமவாய்ப்பு முறையில் பிரித்தார்கள், யாருக்கு எந்த மருந்து என்பது எந்தக் கட்டம் வரை மறைக்கப்பட்டிருந்தது, இடையில் விலகியவர்கள் எத்தனை பேர் என்பனவற்றைத் தெளிவாக எழுதும்படி மருத்துவச் சோதனைகளின் முடிவுகளை எழுதும் முறைக்காக 1996-ல் வந்த கன்சார்ட் நெறிமுறை கேட்கிறது. அவற்றை நான்கு பக்கங்களுக்குள் அடக்கச் சொன்னால், ‘முன்னர் விவரித்த முறைப்படி’ என்ற ஒரே தொடரில் ஆசிரியர்கள் கடந்துவிடுகிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் என் வேலையில் அந்தத் தொடரைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. ஆய்வுத் திட்டம், அட்டவணைகள், பின்னிணைப்புகள் அனைத்தையும் இணையத்தில் முழுமையாக வைக்க முடியும்.

திருத்தத்தையும் எண்ணிப் பாருங்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998-ல் தி லான்செட் என்ற மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அலமாரிகளில் இருக்கும் அந்த அச்சிதழில், யாராவது கையால் எழுதி ஒட்டினாலொழிய, அதற்கான அடையாளம் எதுவும் இராது.

மூத்த மருத்துவர்:
நான் எதிர்க்கிறேன், பழைமைப் பற்றினால் அல்ல. ஒரு பக்கச் சுருக்கம் அச்சில் வந்தால், பெரும்பாலோர் படிக்கப்போவது அதை மட்டும்தான். அதை எழுதுபவர் கட்டுரையின் ஆசிரியரே என்பதால், பலன் முதல் வரியில் வந்து நிற்கும். பக்கவிளைவுகளோ இணையத்தில் ஏதோ ஒரு பின்னிணைப்பின் ஏழாவது அட்டவணையில் உறங்கிக் கிடக்கும். நீங்கள் புகழும் அந்த வரம்பற்ற இடம், மறைத்து வைப்பதற்கும் வசதியான இடம்.

மேலும், இதழைக் கையில் எடுத்துப் புரட்டும்போது என் துறைக்குத் தொடர்பில்லாத கட்டுரையும் கண்ணில் படும். இணையத்தில் நான் தேடியது மட்டுமே கிடைக்கிறது. தேட வேண்டும் என்றே தோன்றாத ஒன்றை எப்படித் தேடுவேன்?

முறையியல் ஆய்வர்:
ஐயா, முழுக் கட்டுரை அச்சில் இருந்த காலத்திலும் பலர் படித்தது தொடக்கச் சுருக்கத்தைத்தான். பக்கவிளைவுகளுக்கு அந்த ஒரு பக்கத்திலேயே தனிப் பத்தி வேண்டும் என்று விதி வைக்கலாம். அச்சை நிறுத்தாமல் வைத்திருப்பது அதற்கு மருந்தாகாது. திருத்தத்தின் வேகத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டு: கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மருந்தைக் கொடுப்பது பற்றிய ஒரு கட்டுரை 2020 மே 22 அன்று தி லான்செட்டின் இணையப் பக்கத்தில் வெளியாகி, ஜூன் 4 அன்றே திரும்பப் பெறப்பட்டது.

மூத்த மருத்துவர்:
பதின்மூன்று நாளில் திரும்பப் பெற்றதைப் பாராட்டுகிறீர்கள். அது வெளியான அவசரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? அந்தக் கட்டுரையின் தரவில் கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் ஊன்றிப் படித்த மனிதர்கள். அந்தப் பெருமையை இணையத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

தொலைவிடப் பணியாளர்:
ஒன்றை மட்டும் சொல்கிறேன். கப்பல் தபாலில் பல மாதம் கழித்து இதழ் வந்து சேரும் இடங்களில் வேலை பார்த்திருக்கிறேன். உலக சுகாதார அமைப்பு 2002-ல் தொடங்கிய ஹினாரி திட்டத்தால், வருமானம் குறைந்த நாடுகளின் மருத்துவமனைகள் அச்சுக்கு ஒருபோதும் சந்தா கட்ட முடிந்திராத இதழ்களை இணையம் வழியாகப் படிக்கின்றன. இதழைப் புரட்டும் இன்பம், இதழ் கைக்கு வந்தவர்களுக்கு உரியது.

நூலகப் பொறுப்பாளர்:
எல்லோரும் படிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். காப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. சந்தாவை நிறுத்தினாலும் வாங்கிய அச்சிதழ் நூலகத்தில் இருக்கும். இணைய இதழில் நாம் வாங்குவது பெரும்பாலும் பார்க்கும் உரிமையை மட்டுமே. 2000-க்கும் 2019-க்கும் இடையில் யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க ஆய்விதழ்கள் 170-க்கும் மேற்பட்டவை இணையத்திலிருந்து காணாமற்போனதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் டிஓஐ எண் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அந்த எண் கட்டுரை இருக்கும் முகவரியைக் காட்டுமே தவிர, கட்டுரையைக் காப்பாற்றாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பல நூலகங்கள் தத்தம் கணினியில் ஒரே இதழின் பிரதிகளை வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளும் லாக்ஸ் முறை ஸ்டான்ஃபோர்டில் 1999-ல் உருவானது. பிறகு போர்ட்டிகோ என்ற மின்னிதழ்க் காப்பகமும் வந்தது. ஆனால் பதிப்பாளர் அவற்றில் சேர்ந்தால்தான் பயன். சிறிய சங்கங்கள் பலவும் சேர்வதில்லை.

முதுகலை மாணவர்:
எங்கள் சங்கத்தின் முன்மொழிவில் அச்சுச் செலவு குறைவதைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. காப்பகம் பற்றி ஒரு வரியும் இல்லை. என்ன செய்யட்டும்?

நூலகப் பொறுப்பாளர்:
செயலாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்: சங்கம் நாளையே கலைந்தால் கட்டுரைகள் யாரிடம் இருக்கும்? வெளியான கட்டுரையில் ஓர் எண்ணை மாற்றினால், மாற்றிய தேதியும் பழைய வடிவமும் வாசகருக்குத் தெரியுமா? காப்பக ஒப்பந்தம் ஒன்றின் பெயரைச் சொன்னால் ஆதரித்து வாக்களியுங்கள். ‘எங்கள் இணையதளத்தை வடிவமைத்தவரிடம் இருக்கும்’ என்று பதில் வந்தால், நான் மூத்த மருத்துவரின் பக்கம்.

மூத்த மருத்துவர்:
பக்கவிளைவுக்கான தனிப் பத்தியையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். அது இல்லாமல் என் வாக்கு மாறாது.