மென்டாஸம் (1991): ஹூவர் ஒலியின் பூர்வீகமும் செய்முறையும் (மன்ற உரையாடல்; ஒவ்வொரு பகுதியின் மேலும் இருப்பது எழுதியவரின் பெயர்)

பழையதட்டு

ரேவ் (எலக்ட்ரானிக் நடன விருந்து) காலத்துத் தட்டுகளில் இன்றைக்கும் செலாவணியில் இருப்பது எது என்றால், என் ஓட்டு செகண்ட் ஃபேஸின் 'மென்டாஸ'த்துக்குத்தான். 1991இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து ஆர் அண்ட் எஸ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. செகண்ட் ஃபேஸ் என்பது நியூயார்க் குயின்ஸ் பகுதியின் ஜோயி பெல்ட்ராமும் மண்டோ மியூசிக்கும் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர். அதற்கு முந்தைய வருடம் பெல்ட்ராம் அதே நிறுவனத்துக்கு 'எனர்ஜி ஃப்ளாஷ்' கொடுத்திருந்தார்.

'எனர்ஜி ஃப்ளாஷ்' ஒரு முழுப் பாட்டாக நிற்கிறது. மென்டாஸம் அப்படியில்லை. முணுமுணுக்க அதில் மெட்டே கிடையாது. கீழேயிருந்து எழும்பி, நெளிந்து, சரிந்துவிழும் ஓர் இரைச்சல், அவ்வளவுதான் சரக்கு. பாட்டை யாரும் பின்பற்றவில்லை, இரைச்சலை எடுத்துக்கொண்டார்கள். அதைத்தான் 'ஹூவர்' என்கிறோம். ஹார்ட்கோர், ஜங்கிள், கேபர், இங்கிலாந்தின் ஹார்ட் ஹவுஸ் என்ற நடன இசை வகைகள் எல்லாவற்றிலும் புழங்கி, 2009இல் லேடி காகாவின் 'பேட் ரொமான்ஸ்' வரை வந்துவிட்டது. ஒலியின் உள்விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அலைவடிவம்

கருவி ரோலண்ட் ஆல்ஃபா ஜூனோ-2. 1980களின் நடுவில் வந்த, விலை அதிகமில்லாத, ஒரே நேரத்தில் ஆறு சுரம் ஒலிக்கும் (ஆறு குரல்) சிந்தசைசர், அதாவது மின்னணுவில் ஒலி உண்டாக்கும் கருவி. அதில் கம்பெனியே வைத்துக் கொடுத்த 'வாட் தி' என்ற பேட்ச்தான் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) ஹூவரின் தாய். உருவாக்கியவர் எரிக் பெர்சிங். பின்னாளில் ஸ்பெக்ட்ராசோனிக்ஸ் என்ற மென்பொருள் இசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அதே ஆள்.

ஒரு குரலுக்கு ஒரே ஆசிலேட்டர்தான் (மூல அலையை உண்டாக்கும் பகுதி). அப்படியும் இவ்வளவு தடிமன் வரக் காரணம், இந்த வரிசையில் இருந்த ஒரு வசதி: சா அலையையே (ரம்பப்பல் வடிவ அலை) பல்ஸ் (செவ்வக வடிவ அலை) போல அகலம் மாற்றலாம். ஒவ்வொரு சுழற்சியிலும் சா அலையின் ஒரு துண்டு வெட்டப்படும். வெட்டின் அகலத்தை எல்எஃப்ஓ (தான் கேட்காமல், மற்ற அளவுகளை ஆட்டும் துணை அலை) வேகமாக மாற்றிக்கொண்டே இருக்கும். காதுக்கு இரண்டு மூன்று ஆசிலேட்டர் உரசிக்கொள்வது போலக் கேட்கும். அடியில் சப் ஆசிலேட்டர் (கீழ்ச் சுருதியில் ஒலிக்கும் துணை அலை), மேலே கோரஸ் (ஒலியைப் பலதாகப் பரப்பும் விளைவு), சுருதியை ஏற்றி இறக்க ஒரு என்வலப் (நேரப்போக்கில் அளவை மாற்றும் பகுதி). ரோலண்டின் முந்தைய மாடலான ஜூனோ-106இல் பல்ஸுக்கு மட்டுமே அகல மாற்றம் உண்டு. அதனால் அதை வைத்து ஹூவர் செய்தால் பக்கத்தில் வரும், பொருந்தாது.

நள்ளிரவுமிக்ஸ்

மென்பொருள் சிந்தில் செய்ய வழி:

ஒரு சா அலை, ஒரு பல்ஸ் அலை. இரண்டும் ஒரே சுருதி, ஒரே ஃபேஸில் (சுழற்சியின் ஒரே புள்ளியில்) தொடங்க வேண்டும், டீட்யூன் (சுருதியைச் சற்று விலக்குவது) கூடாது. இரண்டையும் ரிங் மாட்யூலேட் செய்து (ஒன்றை மற்றொன்றால் பெருக்கி), வரும் ஒலியோடு தனிச் சா அலையைச் சம அளவில் கலந்தால் கணக்குப்படி ஆல்ஃபா ஜூனோவின் வெட்டப்பட்ட சா கிடைத்துவிடும். பல்ஸ் அகலத்தை 4 முதல் 7 ஹெர்ட்ஸ் எல்எஃப்ஓவால் ஆழமாக ஆட்டுங்கள். அகலம் 0 சதவீதத்துக்குப் போனால் ஒலி விட்டுவிட்டுக் கேட்கும், 100க்குப் போனால் வெட்டே இல்லாத வெறும் சா ஆகிவிடும். 10க்கும் 90க்கும் இடையில் நிறுத்துங்கள்.

சப்: ஓர் ஆக்டேவ் கீழே சதுர அலை. ஃபில்டர் (ஒலியின் அதிர்வெண்களை வடிகட்டும் பகுதி) கிட்டத்தட்ட முழுத் திறப்பு, ரெசனன்ஸ் (வெட்டும் இடத்தில் வரும் கூடுதல் முழக்கம்) வேண்டாம்.

சுருதி என்வலப்பில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆசிலேட்டர்களை 12 அரைச்சுரம் கீழே இறக்கி, என்வலப்பின் அளவை +12 ஆக வையுங்கள். அட்டாக் (எழும் நேரம்) 80 முதல் 150 மில்லிசெகண்ட், சஸ்டெய்ன் (அழுத்தியிருக்கும்போது நிற்கும் அளவு) முழுசு, ரிலீஸ் (விட்ட பின் விழும் நேரம்) அரை முதல் ஒரு விநாடி. விசையை அழுத்தினால் எழும்பும், விட்டால் சரியும். ஆனால் ஒலியளவு என்வலப்பின் ரிலீஸ் சுருதி என்வலப்பின் ரிலீஸை விட நீளமாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் சரிவு கேட்பதற்குள் ஒலி அடங்கிவிடும். "ஏறுது, ஆனா விழமாட்டேங்குது" என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம்.

கடைசியில் கோரஸ். இது விருப்பத்துக்குச் சேர்க்கும் மசாலா அல்ல, ஒலியின் பாதி அதில்தான் இருக்கிறது. சப்பை மட்டும் கோரஸுக்குள் விடாமல் மோனோவாக வையுங்கள். பெரிய ஸ்பீக்கரில் அடித்தளம் கலைந்துபோகாது.

வெண்கலம்

ஏழு சா அலையை டீட்யூன் செய்கிற சூப்பர்சாவும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதானே அண்ணே? நிறையக் காணொளிகளில் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

அலைவடிவம்

இல்லை தம்பி. சூப்பர்சா 1990களின் பின்பாதியில் அதே ரோலண்டின் ஜேபி-8000இல் வந்தது. அதில் ஏழு அலைகளும் அதனதன் போக்கில் ஓடும், அதனால் பளபளப்பாகப் பரவும். ஹூவரில் எல்லாம் ஒரே ஆசிலேட்டரோடு பூட்டியிருக்கும், அதனால் உறுமும். டீட்யூன் செய்த ஹூவர் டிரான்ஸுக்குப் பொருந்தலாம், 1991 வராது.

பிரேக்பீட்

எல்லாரும் சிந்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஜங்கிள் பக்கம் போன ஹூவர், சிந்திலிருந்து போகவில்லை, தட்டிலிருந்து சாம்ப்ளர் (ஒலித்துண்டைப் பதிந்து விசையில் வாசிக்கும் கருவி) வழியாகப் போனது. டாக் ஸ்காட் 'நாஸ்டி ஹேபிட்ஸ்' என்ற பெயரில் 1992இல் ரீஇன்ஃபோர்ஸ்ட் நிறுவனத்தில் போட்ட 'ஹியர் கம் தி டிரம்ஸ்' கேளுங்கள். மென்டாஸத்தின் அதே ஒலி, ஆனால் குணம் வேறு.

அகாய் எஸ்950 மாதிரிச் சாம்ப்ளரில் ஒரு சாம்பிளை 12 அரைச்சுரம் மேலே வாசித்தால் நீளம் பாதியாகும். கூடவே நெளிவின் வேகமும் இரட்டிப்பாகும். கீழே வாசித்தால் எல்லாம் இழுபடும். சிந்தில் எந்த விசையை அழுத்தினாலும் எழும்பும் நேரம் ஒன்றே, சாம்பிளில் சுரத்துக்குச் சுரம் மாறும். அந்தக் காலத்து ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் இசைத்துண்டுகள்) தடுமாறி ஓடுவது போலக் கேட்பது இதனால்தான். அந்தத் தடுமாற்றம்தான் அழகே.

அதைக் கொண்டுவர: மேலே சொன்ன பேட்சில் ஒரே ஒரு சுரத்தை, கோரஸோடு, 12 பிட்டில் பதிவு செய்யுங்கள். சாம்ப்ளரில் டைம்ஸ்ட்ரெட்சை (சுருதி மாறினாலும் நீளத்தை மாற்றாமல் வைக்கும் வசதி) அணைத்துவிட்டு விசைப்பலகை முழுக்கப் பரப்புங்கள். தனி பேஸ் வரி வைத்திருந்தால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹூவரை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டும் மோதி, கிக் டிரம் காணாமல் போகும்.

பழையதட்டு

நெதர்லாந்தின் ராட்டர்டாமையும் விட்டுவிடக் கூடாது. ஹியூமன் ரிசோர்ஸின் 'டாமினேட்டர்' அதே 1991. அதை பெல்ட்ராமே ரீமிக்ஸும் செய்தார். ஹூவரைப் பொதுமக்கள் காதில் போட்டதில் அதற்குப் பங்கு பெரிது. கேபர்காரர்கள் வேகத்தைக் கூட்டி, கிக்கை டிஸ்டார்ட் செய்து, ஹூவரை அதன் மேல் வைத்தார்கள். என் கணிப்பில் மென்டாஸம் மூலம், டாமினேட்டர் விளம்பரம். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

வெண்கலம்

சண்டை வேண்டாம். பழைய ஆல்ஃபா ஜூனோ வாங்குவதானால் என்ன பார்க்க வேண்டும்?

அலைவடிவம்

ஒலிக்கு மட்டும் என்றால் ரேக் வடிவமான (விசைப்பலகை இல்லாத பெட்டி) எம்கேஎஸ்-50 போதும், உள்ளே அதே எஞ்சின். ஸ்பீக்கரோடு வந்த எச்எஸ்-80 என்பதும் ஆல்ஃபா ஜூனோ-2தான். பெயர் தெரியாமல் மலிவாக விற்பவர்கள் உண்டு. ஆல்ஃபா ஜூனோ-1இல் 49 விசை, வெலாசிட்டி (அழுத்தும் வேகத்தை உணரும் வசதி) கிடையாது, ஹூவருக்கு அது குறையே இல்லை.

பொத்தான்கள் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். இரண்டு தடவை பதிவானாலோ, அமுக்கிப் பிடித்தால்தான் கேட்டாலோ உள்ளே ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது, மாற்றலாம். நினைவகத்துக்கான பேட்டரி செத்திருந்தால் சொந்தமாகச் சேமித்த பேட்ச்கள் குப்பையாகக் காட்டும். இன்னும் உயிரோடு இருந்தால், மாற்றும் முன் மிடி (கருவிகளையும் கணினியையும் இணைக்கும் முறை) வழியாக எல்லாவற்றையும் கணினியில் எடுத்து வையுங்கள். ஆறு சுரத்தை ஒவ்வொன்றாக அழுத்தி ஆறு குரலும் ஒரே மாதிரி வருகிறதா என்றும் கேளுங்கள், கோரஸை அணைத்துவிட்டு. கோரஸ் போட்டிருந்தால் கெட்ட குரல் ஒளிந்துகொள்ளும்.

பிஜி-300 புரோகிராமரும் (பேட்ச் அமைக்கும் தனிப் பலகை) வேண்டும் என்று விற்பவர் சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். ஒற்றை டயலில் பேட்ச் செய்வது சலிப்புதான். ஆனால் கணினியிலிருந்து மிடியில் அதே வேலையைச் செய்ய இலவச எடிட்டர்கள் இருக்கின்றன.