30 வருச லைசன்ஸ்: நேர்சிங் ஹோம் சாவுகளுக்கு ஆர் பதில் சொல்லுறது?

இணுவிலான்:
ஒன்ராறியோவில, ரொறன்ரோவுக்குக் கிட்ட இருக்கிற பிக்கரிங்கின்ர ஓர்ச்சட் வில்லா முதியோர் இல்லம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2020இல முதல் அலையில அங்க மட்டும் 70 பேரளவில கொவிட்டால செத்தவை. கனேடிய இராணுவம் உதவிக்குப் போய், பிறகு அறிக்கை எழுதின ஐஞ்சு இல்லங்களில அதுவும் ஒண்டு. அந்த அறிக்கையை 2020 மே 26ஆம் திகதி வெளியில விட்டவை. கரப்பான் பூச்சி, குளிக்க வார்க்காத கிழவர்கள், படுக்கவைச்சபடியே ஊட்டி மூச்சடைச்சது, உதவி கேட்டுக் கத்தினவையிட்ட ரெண்டு மணித்தியாலம் வரை ஆரும் போகாதது, எல்லாம் அதில இருக்கு. தான் வாசிச்சதிலேயே நெஞ்சைப் பிழியிற அறிக்கை இதுதான் எண்டு ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்டும் சொன்னவர்.

அதே இல்லத்தின்ர உரிமையாளரான சவுத்பிரிட்ஜ் நிறுவனத்துக்குத்தான் 320 கட்டிலோட புதுக் கட்டடம் கட்டி 30 வருசம் நடத்த அதே அரசு லைசன்ஸ் குடுத்தது. செத்தவையின்ர பிள்ளையள் பதாகை பிடிச்சு நிண்டும் சரிவரேல்ல.

என்ர அம்மாவும் அந்த ஏப்ரலிலதான் போனவ. வேற ஒரு தனியார் இல்லம், பேர் இஞ்ச தேவையில்லை. யன்னலுக்கு வெளியில நிண்டு கையைக் காட்டிப்போட்டு வந்தனான். மூண்டாம் நாள் விடிய ஃபோன் வந்தது. செத்தவீட்டுக்குப் பத்துப் பேருக்கு மேல விடமாட்டம் எண்டு சொல்லிப்போட்டினம். இண்டை வரைக்கும் அந்த இல்லத்திலயிருந்தோ அமைச்சிலயிருந்தோ ஒருத்தரும் "எங்களிட்டப் பிழை இருந்தது" எண்டு சொல்லேல்ல. இலாபத்துக்கு நடத்திறவையிட்ட வயசுபோனவையைக் குடுத்ததுதான் பிழை எண்டு நான் சொல்லுறன். இல்லை எண்டுறவை காரணம் சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை:
தம்பி, அம்மாவுக்கு என்ர அஞ்சலி. ஆனா கேட்டதால சொல்லுறன், தனியார் எண்டதில எல்லாத்தையும் கட்டினால் உண்மையான காரணம் தப்பிவிடும்.

ரொறன்ரோ மாநகரசபை நடத்திற செவன் ஓக்ஸ் இல்லம் எங்கட ஸ்காபரோவிலதான் இருக்கு. அங்க ஒரு டொலர் இலாபமும் ஆருக்கும் போகேல்ல. 41 பேர் செத்தவை. இராணுவம் போன ஐஞ்சு இல்லத்தில பிராம்ப்டனில இருந்தது இலாப நோக்கமில்லாதது. கியூபெக்கைப் பாருங்கோ. அங்க முதியோர் இல்லங்களில பெரும்பங்கு அரசாங்கத்தின்ர. கனடாவில ஆகக் கூடின சாவு அங்கதான். லவாலில இருந்த சென்ட் டொறத்தே அரசாங்க இல்லம், கிட்டத்தட்ட நூறு பேர் போனவை.

மற்றது, ஒன்ராறியோவில அரசு குடுக்கிற காசு தனித்தனிக் கணக்கா வரும். தாதிமார், பராமரிப்புப் பணியாளர் சம்பளத்துக்கு ஒண்டு, சிகிச்சை, பொழுதுபோக்குத் திட்டங்களுக்கு ஒண்டு, சமையல் சாமானுக்கு ஒண்டு. இதில மிச்சம் பிடிச்சால் திருப்பிக் குடுக்கவேணும். கட்டடம், துப்பரவு, நிர்வாகம் போற நாலாவது கணக்கில மிஞ்சுறதுதான் முதலாளிக்கு. நேர்ஸ்மாரைக் குறைச்சு அந்தக் காசைப் பொக்கற்றுக்குள்ள போட ஏலாது. இந்த வேலை தெரிஞ்சவன் எண்டபடியால் சொல்லுறன்.

நெய்தல்:
அண்ணை, நான் பன்னிரண்டு வருசம் பி.எஸ்.டபிள்யூவா வேலை செய்தனான். கட்டிலிலயிருந்து எழுப்பி, கழுவி, உடுப்பு மாத்தி, ஊட்டுற ஆள். நீங்கள் சொன்ன கணக்கு கடதாசியில சரி. நான் கண்டதைச் சொல்லுறன்.

நான் நிண்ட மாடியில ஒரு அறைக்குள்ள நாலு பேர். நடுவில ஒரு திரை, நாலு பேருக்கும் ஒரு கழிப்பறை. காலமை எனக்குப் பத்துப் பேர், ஆள் வராட்டில் பதின்மூண்டு. ஒருத்தருக்கு இருமல் தொடங்கினால் மற்ற மூண்டு பேரையும் எங்க கொண்டுபோய் விடுறது? தனிமைப்படுத்து எண்டு கடிதம் வந்தது, அறை வரேல்ல. மாஸ்க் மேலாளரின்ர அலுமாரிக்குள்ள பூட்டிக் கிடந்தது. ஒரு நாளைக்கு ஒண்டு எண்டு கையெழுத்து வைச்சு வாங்கினனாங்கள்.

முழுநேர வேலை தரமாட்டினம். கிழமைக்கு இருபத்திநாலு மணித்தியாலம் தருவினம், சுகவீன லீவு இல்லை. அதால நானும் ரெண்டு இல்லத்தில வேலை செய்தனான், எங்கட பெட்டையள் எத்தினையோ பேர் மூண்டில. ஒரு இல்லத்தில மட்டும்தான் வேலை செய்யலாம் எண்ட கட்டளை ஏப்ரல் 22தான் நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முதல் கிருமியைக் காவிக்கொண்டு திரிஞ்சது நாங்கள்தானோ எண்ட நினைப்பு இப்பவும் என்னை நித்திரை கொள்ள விடுறேல்ல.

சாகிறதுக்கு முதல் நாள் ஒரு அப்பு "பிள்ளை, உன்ர முகத்தை ஒருக்காக் காட்டு" எண்டு கேட்டவர். மாஸ்க்கைக் கழட்ட எனக்குத் துணிவு வரேல்ல.

மதுரைக்காரன்:
அக்கா எழுதினதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. ஆனாலும் லைசன்ஸ் விஷயத்துல ஒண்ணு கேக்கணும். நான் பிராம்ப்டன்ல இருக்கேன். எங்க மாமனாருக்கு இடம் கிடைக்க ரெண்டு வருஷத்துக்கு மேல காத்திருந்தோம். இந்த கொவிட் சாவுகளை விசாரிக்க அரசு போட்ட கமிஷன் உக்காந்திருந்த சமயத்துலயே ஒன்டாரியோல 38,000 பேர் காத்திருப்புப் பட்டியல்ல இருந்தாங்க. மொத்தம் 626 இல்லம், அதுல பாதிக்கு மேல தனியார். தப்பு பண்ணவங்க லைசன்ஸை எல்லாம் புடுங்கிட்டா உள்ள இருக்கிறவங்களை எங்க கொண்டு போறது? ஆஸ்பத்திரி நடைபாதையிலயா? கோபம் நியாயம்தான், ஆனா படுக்கையைக் குறைச்சா இன்னொரு வீட்டு அம்மாதான் கஷ்டப்படுவாங்க.

இணுவிலான்:
மூடச் சொல்லி நான் சொல்லேல்ல. நடத்திற ஆளை மாத்தலாம்தானே? ஓர்ச்சட் வில்லாவை 2020இல லேக்ரிட்ஜ் ஆஸ்பத்திரிக்காரர் வந்து கொஞ்சக் காலம் நிர்வகிச்சவை. ஸ்காபரோ டெண்டர்கெயர் இல்லத்தில ரெண்டாவது அலையில 81 பேர் செத்தவை. அங்க நத்தார் நேரம் நோர்த் யோர்க் ஜெனரல் ஆஸ்பத்திரி பொறுப்பெடுத்தது. கட்டிலும் இருந்தது, ஆக்களும் இருந்தவை, நிர்வாகம்தான் மாறினது. எரியேக்க செய்ய ஏலுமெண்டால் 30 வருசத்துக்குக் கையெழுத்து வைக்கேக்க ஏன் ஏலாது?

சட்டக்காரி:
இலாபமா இல்லையா என்ற விவாதத்துக்கு நடுவில் ஒரு விஷயம் விடுபடுகிறது. காவலுக்கு இருந்தவர் எங்கே போனார்?

ஒன்ராறியோவில் ஒவ்வோர் இல்லத்தையும் வருடத்துக்கு ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் போய், அடிமுதல் நுனிவரை பார்க்கிற முழுப் பரிசோதனை ஒன்று இருந்தது. 2018இல் அதைக் கைவிட்டு, பெரும்பாலும் முறைப்பாடோ பாரதூரமான சம்பவமோ வந்தால் மட்டும் போகிற முறைக்கு மாறினார்கள். 2019இல் முழுப் பரிசோதனை நடந்தது 626 இல்லங்களில் வெறும் 9இல். ஞாபகமறதி நோயுள்ள ஒருவர் எப்படி முறைப்பாடு எழுதுவார்? பிள்ளைகள் எழுதினாலும், அம்மாவைப் பிறகு ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் இருக்கும்.

பெருந்தொற்று வந்ததும் அதுவும் நின்றது. அரசுக்கு எதிரான முறைப்பாடுகளை விசாரிக்கிற மாகாண ஒம்புட்ஸ்மன் போல் டூபே 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2020 வசந்த காலத்தில் ஏழு வாரங்கள் அமைச்சின் பரிசோதகர்கள் எந்த இல்லத்துக்குள்ளும் நேரில் போகவில்லை. அவர்களுக்குப் பாதுகாப்பு உடை இல்லை, தொற்றுத் தடுப்பில் பயிற்சி இல்லை, போவதற்குத் திட்டமும் இல்லை. முதல் அலையில் ஆட்கள் இறந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. குடும்பங்களையும் உள்ளே விடவில்லை. ஏழு வாரம் அந்தச் சுவர்களுக்குள் பரிசோதகரின் கண் ஒன்றுகூட இல்லை. கடைசியில் உள்ளே போய்ப் பார்த்துச் சொன்னது இராணுவம்.

அதே 2020 நவம்பரில் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது, 218ஆம் மசோதா. கொவிட் தொடர்பாக வழக்குப் போடுகிறவர் சாதாரண கவனக்குறைவை நிரூபித்தால் போதாது, பாரதூரமான கவனக்குறைவை நிரூபிக்கவேண்டும். நல்லெண்ணத்தோடு முயன்றோம் என்று இல்லங்கள் தற்காத்துக்கொள்ளலாம். 2020 மார்ச் 17 வரை பின்னோக்கிச் செல்லும் சட்டம் அது. இணுவிலான், உங்கள் அம்மா இறந்தபோது உங்களுக்கு இருந்த உரிமை ஏழு மாதம் கழித்துச் சுருக்கப்பட்டது.

கணக்குப்பிள்ளை:
பரிசோதனை விசயத்தில நான் எதிர்க்கேல்ல. ஏழு கிழமை போகாதது மன்னிக்க ஏலாதது. ஆனா சட்டக்காரி சொல்லுறது என்ர வாதத்தைத்தானே பலப்படுத்துது? பிழைவிட்டது அமைச்சு. 2003இல சார்ஸ் வந்து 44 பேர் செத்தும் படிக்கேல்ல. மாஸ்க் கையிருப்பைக் காலாவதியாக விட்டவை. வழக்குச் சட்டமும் அவையின்ர வேலை. அப்ப ஏன் எல்லாரும் முதலாளியையே நோகினம்?

கனேடிய மருத்துவச் சங்க சஞ்சிகையில 2020இல வந்த ஆய்வு ஒண்டு இருக்கு. ஒரு இல்லத்துக்குள்ள கொவிட் நுழையிறதுக்கும் அது ஆரின்ர எண்டதுக்கும் சம்பந்தம் காணேல்ல எண்டுதான் எழுதியிருக்கினம். அந்த ஊரில எவ்வளவு தொற்று எண்டதைப் பொறுத்ததாம்.

நெய்தல்:
அண்ணை, அந்த ஆய்வின்ர மற்றப் பாதியையும் சொல்லுங்கோ. நுழையிறதில வித்தியாசமில்லை, நுழைஞ்ச பிறகுதான் வித்தியாசம். இலாபத்துக்கு நடக்கிற இல்லங்களில கூடப் பேருக்குத் தொத்தினது, கூடப் பேர் செத்தவை. காரணம் ரெண்டு எண்டு அவையே எழுதியிருக்கினம்: 1972ஆம் ஆண்டுத் தரத்தில நிக்கிற பழைய கட்டடங்கள், சங்கிலி நிறுவனங்களின்ர உரிமை. நான் சொன்ன நாலு கட்டில் அறை அந்தப் பழைய தரம்தான். ஒரு அறைக்கு ரெண்டு பேருக்கு மேல கூடாது எண்டு 1998இலயே புதுத் தரம் வந்திட்டுது. இருபது வருசத்துக்கு மேலயா அந்தத் திரை அங்கயே தொங்கினது. உங்கட நாலாவது கணக்கு கட்டடத்துக்கு எண்டனீங்கள். அதில மிஞ்சினது முதலாளிக்கு எண்டும் நீங்கள்தான் சொன்னனீங்கள்.

இணுவிலான்:
அதோட இதையும் பாருங்கோ. எக்ஸ்டென்டிகெயர், சியென்னா, சார்ட்வெல், மூண்டும் முதியோர் இல்லங்கள் நடத்தின, பங்குச்சந்தையில இருக்கிற கொம்பனியள். 2020இன்ர முதல் மூண்டு காலாண்டில மட்டும் பங்குதாரருக்கு 17 கோடி டொலர் அளவில பங்கிலாபம் குடுத்திருக்கினம் எண்டு ரொறன்ரோ ஸ்டார் எழுதினது. கொவிட்டுக்கெண்டு மாகாணத்திட்ட காசும் வாங்கினவை. நெய்தல் அக்காவுக்கு ஒரு நாளைக்கு ஒரு மாஸ்க்.

கணக்குப்பிள்ளை:
பங்கிலாபம் குடுத்த காசு வேற, அரசு கொவிட்டுக்குக் குடுத்த காசு வேற. அதைக் கொண்டுபோய் இதில போடேலாது. பழைய கட்டடத்தைத் திருத்தக் காசு காணாது எண்டு நிறுவனங்கள் வருசக்கணக்காக் கேட்டுக்கொண்டிருந்தவை, அரசு குடுத்த கட்டட உதவித்தொகை ரொறன்ரோ நில விலைக்குக் கட்டுப்படியாகாது. இதில மாற மாட்டன். ஆனா அந்த வருசம் பங்கிலாபத்தை நிப்பாட்டியிருக்கலாம். நான் அந்த இயக்குநர் சபையில இருந்திருந்தால் நிப்பாட்டச் சொல்லியிருப்பன்.

மதுரைக்காரன்:
நீதிபதி ஃபிராங்க் மரோக்கோ கமிஷன் இதுக்கு ஒரு வழி சொல்லுச்சே. கிட்டத்தட்ட 4,000 முதியவங்களும் 11 ஊழியர்களும் இறந்ததை விசாரிச்சு 2021 ஏப்ரல் கடைசியில கொடுத்த அறிக்கை. கட்டடம் கட்ட தனியார் பணம் வரட்டும், அதுக்கு வருமானமும் கொடுங்க, ஆனா உள்ள பராமரிப்பு நடத்துறது அதையே நோக்கமா வெச்சிருக்கிற அமைப்பு கையில இருக்கட்டும்னு யோசனை. எனக்கு அது சரியாப் பட்டுது. கணக்குப்பிள்ளை அண்ணே, கட்டடத்துக்கு முதல் இல்லைன்னு நீங்க சொல்ற குறையும் அதுல தீருது. அரசு அதை எடுத்துக்கல. அந்த 30 வருஷக் கையெழுத்து பழைய மாதிரியேதான்.

சட்டக்காரி:
அதற்குப் பதிலாக 2021இல் புதுச் சட்டம் வந்தது, 2022 ஏப்ரலில் நடைமுறை. குற்றம் நிரூபணமானால் நிறுவனத்துக்கு முதல் தடவை ஐந்து இலட்சம் டொலர் வரை, அடுத்த தடவை பத்து இலட்சம் வரை தண்டம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு சராசரியாக நாலு மணித்தியாலப் பராமரிப்பு என்று இலக்கு. எழுத்தில் நன்றாக இருக்கிறது. பழைய 2007ஆம் ஆண்டுச் சட்டமும் எழுத்தில் நன்றாகவே இருந்தது. பிழை கண்டால் எழுத்துமூல அறிவித்தல், அடுத்தது தாமாகத் திருத்தும் திட்டம், அதற்கு மேல் கட்டளை, கடைசியில் லைசன்ஸ். பரிசோதகர் பெரும்பாலும் முதல் இரண்டு படியிலேயே நின்றுவிட்டார். திருத்தினார்களா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பதற்குப் போதிய ஆளும் இருக்கவில்லை.

இணுவிலான், ஒவ்வோர் இல்லத்தின் பரிசோதனை அறிக்கையும் அமைச்சின் இணையத்தளத்தில் பொதுவில் இருக்கிறது. அம்மா இருந்த இல்லத்தின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தீர்களா?

இணுவிலான்:
ரெண்டு நாளா இருந்து வாசிச்சன், அதுதான் பதில் எழுதப் பிந்தினது.

2018 கார்த்திகையில ஒரு அறிக்கை. கை கழுவிறது, ஒருத்தரைத் தொட்டபிறகு கையுறை மாத்தாமல் மற்றவரிட்டப் போறது, ரெண்டும் பிழை எண்டு பரிசோதகர் எழுதியிருக்கிறா. அம்மா இருந்த மாடி. அதுக்குக் கீழ, தாமாகத் திருத்தும் திட்டம் எண்டு போட்டிருக்கு.

கணக்குப்பிள்ளை அண்ணை, அதைச் செய்தது முதலாளியின்ர இல்லம், எழுதிப்போட்டு விட்டுட்டுப் போனது அமைச்சு. நான் ரெண்டு பேரையும்தான் கேக்கிறன்.

2019இல ஒரு முறைப்பாட்டுக்கு வந்திருக்கினம், சாப்பாடு சம்பந்தமா. தொற்றுத் தடுப்பைப் பற்றி அதில ஒரு வரியும் இல்லை. அதுக்கடுத்த அறிக்கையின்ர திகதி 2020 ஆனி. அம்மா அப்ப செத்து ரெண்டு மாசம்.