கடல் உடுத்ததா, உடுத்தியதா?

வெண்பாக்கிறுக்கன்:
"'அவள் பட்டு உடுத்தினாள்' பிழை, 'உடுத்தாள்' என்பதே தமிழ்" என்று ஒருவர் நேற்றுத் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பட்டு புடவை உடுத்தினாள் என்றுதான் ஊரே எழுதுகிறது. இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

நன்னூலடியான்:
அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். உடு தன்வினை, உடுத்து பிறவினை. நட, நடத்து, கிட, கிடத்து. குழந்தைக்கு உடுத்தினாள், தான் உடுத்தாள். தமிழ்த்தாய் வாழ்த்தில் 'கடலுடுத்த' என்று பாடுகிறீர்களா, 'கடலுடுத்திய' என்றா?
பிறகு, அது பட்டுப் புடவை. ஒற்று எங்கே?

வெண்பாக்கிறுக்கன்:
ஒற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவது உங்கள் பழைய வழக்கம். "உடுத்துக் களைந்த நின் பீதக வாடை" என்று பெரியாழ்வாரே பாடியிருக்கிறார். உடுத்து வந்துவிட்டதா?

நன்னூலடியான்:
சிரிக்கவைத்ததற்கு நன்றி. எடுத்து, கொடுத்து, உடுத்து. அது உடு என்பதன் வினையெச்சம். நீங்கள் சொல்லும் வினையானால் 'உடுத்திக் களைந்த' என்றல்லவா வந்திருக்கும்? ஆழ்வாரும் என் பக்கம். கேள்வி அப்படியே நிற்கிறது: கடலுடுத்தவா, கடலுடுத்தியவா?

நூலிழை:
வீட்டில் இருவருமே 'போட்டுக்கொள்' என்றுதான் சொல்வீர்கள். 'அணிந்தாள்' என்று எழுதினால் சண்டையே இல்லையே?

நன்னூலடியான்:
அணிவது நகையை. உடுப்பது துணியை. நடுவில் வந்து குட்டையைக் குழப்ப வேண்டாம்.

நூலிழை:
'சீருடை அணிந்து' என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் நகைக்கடைக்காரர்களா?

வெண்பாக்கிறுக்கன்:
நூலிழை, விடுங்கள். அவருக்குத் தெரிந்தது ஒரே வரி. ஐயா, அந்தத் தமிழ்த்தாய் வாழ்த்து இடம்பெற்ற மனோன்மணீயம் 1891இல் வந்த நூல். அதுவும் செய்யுள். இன்றைய அகராதியைப் புரட்டிப் பாருங்கள். உடுத்து என்பதற்கே 'அணிந்துகொள்' என்று பொருள் இருக்கும். சொல் நடந்து போய்விட்டது, நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள்.

நன்னூலடியான்:
போன மாதம் 'ஒருவள்' என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவர் எனக்கு அகராதி காட்டுகிறார்! செய்யுள் வேண்டாம் என்றால் ஆழ்வாரை அழைத்து வந்தது யார்? பிழையைப் பலர் செய்தால் அதற்கு வழக்கு என்று பெயரா?

வெண்பாக்கிறுக்கன்:
ஆம், அதற்கு அதுதான் பெயர். 'ஒருவள்' விவகாரத்திலும் நீங்கள் கடைசிவரை ஆதாரம் தரவில்லை.

நன்னூலடியான்:
'ஒருத்தி' இருக்கும்போது அதற்கு ஆதாரம் வேறா? பேச்சை மாற்றாதீர்கள். கடலுடுத்தவுக்குப் பதில் எங்கே?

வெண்பாக்கிறுக்கன்:
வெளியே கிளம்புகிறேன். சட்டையை உடுத்திக்கொண்டு வந்து சொல்கிறேன்.

நன்னூலடியான்:
உடுத்துக்கொண்டு.