முதல் யுகாதா, முதல் பொன் ஒதோரி: நிஷிகசாய்க்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஜூலை பிறந்து தெருமுனைப் பூங்காவில் பொன் ஒதோரி என்ற கோடைக்கால ஆட்டத்துக்குக் காகித விளக்குகளைக் கட்ட ஆரம்பித்துவிட்டால், புதிதாகத் தோக்கியோ வந்த நம் பிள்ளைகள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, அது அவங்க திருவிழா ஆச்சே, நாம போகலாமா? அந்த உடுப்பை நாம போட்டா தப்பா நினைப்பாங்களா?"

தாராளமாகப் போகலாம், கோடையில் கட்டும் மெல்லிய கிமோனோவான அந்த யுகாதாவையும் போடலாம். பேட்டைப் பொன் ஒதோரிக்கு டிக்கெட்டும் கிடையாது, உறுப்பினர் சீட்டும் கிடையாது. நடுவில் யாகுரா என்று ஒரு மர மேடை, அதன்மேல் மேளம், சுற்றிலும் வட்டமாக ஆட்டம். வட்டத்துக்குள் காலை வைத்தால் ஆடுகிறவர் ஆகிவிட்டோம். யுகாதா போட்டிருந்தால் பக்கத்து வீட்டு அம்மாவே கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வார். எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன், ஒருவர்கூட முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். யுகாதாவில் இடப்பக்கத் துணிதான் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்குச் சுற்றும் முறை. முதல் கோடையில் நான் அப்படித்தான் மாற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரயில் நிலையத்தில் ஒரு பாட்டி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மணிக்கட்டைப் பிடித்துக் கழிப்பறைக்குள் கூட்டிப்போனார். ஒபி என்ற இடுப்புப் பட்டையை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார், துணியை மாற்றி மடித்தார், இடுப்புக் கயிற்றை இறுக்கினார். பிறகு மடிப்புக்குள் கட்டைவிரலை விட்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓட்டினார். சுருக்கமெல்லாம் பின்னால் போய் ஒதுங்கிக்கொண்டது. சின்ன வயதில் அம்மா எனக்குக் கொசுவம் வைத்துவிட்ட அதே கை. முடிச்சை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "யோஷி", அதாவது "சரி" என்றார். ரயில் வந்துவிட்டது, நன்றிகூட முழுதாகச் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு. வலது கை சட்டைப் பைக்குள் போவதுபோல் மார்பு மடிப்புக்குள் சுலபமாக நுழைந்தால், கட்டு சரி. செல்பி கேமராவை மட்டும் நம்பாதீர்கள், அது இடம் வலத்தை மாற்றிக் காட்டும்.

சேலை கட்டத் தெரிந்தவர்களுக்கு யுகாதா பெரிய வித்தை இல்லை. ஆனால் கை பழகிய இரண்டு வழக்கத்தை விட்டுவிட வேண்டும். முதலாவது, ஊக்கைத் தேடக் கூடாது. இரண்டு கயிறும் ஒபியும்தான் அத்தனையையும் தாங்கும். இரண்டாவது, சேலை இடுப்பு வளைவோடு ஒட்டிப் போகும், யுகாதா உருளைபோல் நேராக விழ வேண்டும். அதனால் இடுப்பில் சின்னத் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு அதன்மேல் கட்டுவார்கள். அப்படிக் கட்டினால் கயிறும் உறுத்தாது, வேர்வையும் துண்டோடு போய்விடும். உள்ளே மெல்லிய பருத்தி உடுப்பு கட்டாயம் வேண்டும். கீழ்விளிம்பு கணுக்கால்வரை வரட்டும், மீதி நீளத்தை இடுப்பில் மடித்துவிடுங்கள். பின்கழுத்தில் ஒரு கைமுஷ்டி அளவுக்கு இடைவெளி விட்டால் பார்க்கவும் அழகு, காற்றும் வரும்.

ஆண்களுக்கு அந்த இடுப்பு மடிப்பு கிடையாது, ஆகவே உயரம் பார்த்து வாங்குங்கள். ஒபி தொப்புளுக்குக் கீழே, வேட்டி கட்டும் இடத்தில் உட்கார வேண்டும். சின்னத் தொப்பை இருந்தால் கட்டு நழுவாமல் நிற்கும், உண்மையாகவே சொல்கிறேன்.

5,000 யென் சுற்றில் யுகாதா, ஒபி, கெதா செருப்பு சேர்ந்த செட் கிடைக்கும். பழைய துணிக்கடைகளில் இன்னும் மலிவு. பெண்களுக்கு முடிச்சு தனியாகத் தைத்து வரும் ஒபி இருக்கிறது, முதல் வருடத்துக்கு அதுவே போதும். மரக் கெதாவை வீட்டுக்குள்ளேயே இரண்டு நாள் போட்டு நடந்து பழகுங்கள். விரலிடுக்கில் வார் உரசித் தோல் வழன்றுவிடும், பையில் பிளாஸ்டர் இருக்கட்டும்.

எங்கே போவது? முதல் தடவையே பெரிய வாணவேடிக்கைக்குப் போகாதீர்கள். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை நம் எதோகாவா ஆற்றங்கரையில் நடப்பது கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் முடிந்ததும் ஷினோசாகி நிலையம் போகும் வழியில் கூட்டம் அங்குல அங்குலமாகத்தான் நகரும். முதலில் உங்கள் பேட்டைப் பூங்காவுக்குப் போங்கள். அடுத்தது ட்சுகிஜி ஹொங்கான்ஜி கோயில் பொன் ஒதோரி. ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்க வாக்கில் நடக்கும். தோசாய் லைனில் கயபாச்சோ போய் ஹிபியா லைனுக்கு மாறினால் இரண்டாவது நிலையம். இத்தோ சூதா (Ito Chuta) என்ற கட்டடக் கலைஞர் பழைய இந்திய பௌத்தக் கட்டடங்களை மனத்தில் வைத்து வரைந்த கோயில் அது, 1934இல் கட்டி முடித்தார்கள். அதன் முகப்புக்கு முன்னால் விளக்கொளியில் ஆடும்போது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்.

ஆகஸ்ட் கடைசி வாரக் கோயென்ஜி அவா ஒதோரி என்ற தெரு ஊர்வல ஆட்டத்துக்குத் தோசாய் லைனிலேயே மாறாமல் போகலாம், நகானோவைத் தாண்டி ஓடும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். மொன்சென் நகாச்சோவின் புகாகாவா ஹச்சிமான் விழாவுக்கு மட்டும் யுகாதா வேண்டாம். பல்லக்குத் தூக்குகிறவர்கள்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள், பக்கத்தில் நிற்கிற நாமும் நனைவோம்.

ஆட்டம் தெரியாதே என்று ஒதுங்கி நிற்காதீர்கள். தான்கோ புஷி என்று ஒரு பாட்டு எங்கேயும் போடுவார்கள், புகுவோகா பக்கத்து நிலக்கரிச் சுரங்கப் பாட்டு. தோண்டு, தோண்டு, தோளில் போடு, பின்னால் திரும்பிப் பார், வண்டியைத் தள்ளு, கையை விரி, தட்டு. அவ்வளவுதான். கும்மி அடித்த கைக்கு இரண்டு சுற்றில் வந்துவிடும். நன்றாக ஆடும் வயதானவர் ஒருவருக்குப் பின்னால் நின்று அவர் கையைப் பார்த்து ஆடுங்கள்.

பொன் என்பது முன்னோர் வீட்டுக்கு வரும் நாட்கள். பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. வெள்ளரிக்காயில் குச்சி குத்திக் குதிரை, கத்தரிக்காயில் மாடு செய்து வைப்பார்கள். வரும்போது குதிரையில் சீக்கிரம் வரட்டும், திரும்பும்போது மாட்டில் மெதுவாகப் போகட்டும் என்று. ஆடி அமாவாசைக்குத் தண்ணீர் இறைக்க ஊருக்குப் போக முடியவில்லையே என்று வருந்துகிறவர்கள், ஒரு வருடம் இந்த வட்டத்தில் நின்று பாருங்கள்.

மறுநாள் சேர்த்தது, சாப்பாட்டைப் பற்றிப் பலர் கேட்டதால்:

சைவக்காரர்கள் யாகிசோபா நூடுல்ஸ், ஒகோனோமியாகி அடை பக்கம் போக வேண்டாம். மேலே நெளிந்து ஆடும் மெல்லிய சீவல் நம் தூத்துக்குடி மாசிபோலவே சூரை மீனில் செய்தது. தகோயாகியில் இருப்பது ஆக்டோபஸ். சுட்ட சோளம், வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு, பனித்துருவல், ராமுனே சோடா, பஞ்சுமிட்டாய் எல்லாம் சாப்பிடலாம். கடைகளில் பெரும்பாலும் ரொக்கம்தான், 100, 500 யென் காசாக வைத்துக்கொள்ளுங்கள். குப்பைத் தொட்டி கண்ணில் படாது, ஒரு பை கொண்டுபோய் வீட்டுக்கே எடுத்து வாருங்கள். தங்கமீன் பிடிக்கும் விளையாட்டில் குழந்தை ஜெயித்து, வீட்டில் தொட்டி இல்லையென்றால் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள், வாங்கிக்கொள்வார்.

யுகாதா மெல்லிய துணி என்றாலும் ஒபி கட்டிய இடம் வெந்துவிடும். தண்ணீரும் உப்பு மிட்டாயும் மறக்க வேண்டாம். தலை சுற்றினால் அழகைப் பார்க்காமல் ஒபியைத் தளர்த்திவிட்டு நிழலில் உட்காருங்கள். திரும்பி வருவதற்கான ரயில் காசைப் போகும்போதே சுய்க்கா அட்டையில் ஏற்றிவிடுங்கள், இரவு அந்த இயந்திரங்களின் முன்னால் நீண்ட வரிசை நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து ஹேங்கரில் மாட்டி இரவு முழுக்கக் காற்றாட விடுங்கள். மறுநாள் மடித்து வலைப்பையில் போட்டுத் தனியாகத் துவையுங்கள், நீலச்சாயம் முதல் இரண்டு துவைப்பில் இறங்கும். நிழலில்தான் காயப் போட வேண்டும்.