மருதம்பட்டைச் சாறு: வெறும் எதனோல் விட்ட குழியிலும் வளையம் வருது

அறிவியல்நகர் மாணவி
குளக்கட்டு மருதம்பட்டையை 95% எதனோலில ஊறவைச்சு, வடிச்ச சாற்றை அப்பிடியே, பற்றீரியா பூசின ஏகர்த் தட்டில வெட்டின குழிக்கு 50 மைக்ரோலீற்றர் விட்டனான். ஸ்ரெபைலோகொக்கஸ் ஓரியஸ் பற்றீரியாத் தட்டில பட்டைச்சாற்று வளையம் (பற்றீரியா வளராத இடம்) பெரிசு. ஈ.கோலைத் தட்டில அதுவும் வெறும் எதனோல் வளையமும் ஒரே அளவு. கிணத்துத் தண்ணியில காய்ச்சின கசாயம் கறுத்துப் போச்சு. எங்கை பிழை?

வடிதாள்
தங்கச்சி, ஈ.கோலைத் தட்டில நீங்கள் அளந்தது எதனோலைத்தான். நிழலில உலர்த்தின தூள் 10 கிராமுக்கு 70% எதனோல் 100 மி.லீ. விட்டு, மூடி, இடைக்கிடை குலுக்கி 48 மணித்தியாலம் வையுங்கோ. தண்ணியும் கலந்திருந்தால்தான் தனின் (பட்டையின்ர துவர்ப்புப் பொருள்) வடிவாக் கரையும். வடிச்சதை 40 பாகைத் தண்ணித்தொட்டியில அகண்ட கிண்ணத்தில வத்த விடுங்கோ, நெருப்புக்குக் கிட்ட வேண்டாம். நிறை மாறாமல் நிக்கும் வரை எதனோல் போகேல்லை.

காய்ஞ்ச பிசினை நிறுத்து, முதல்ல தனி டிஎம்எஸ்ஓவில (தண்ணியோட கலக்கிற கரைப்பான்) கரைச்சு, பிறகு காய்ச்சி வடித்த நீர் விட்டு டிஎம்எஸ்ஓவை 10% ஆக்குங்கோ; பிசின் மில்லிலீற்றருக்கு 100 மி.கி. வரவேணும். தண்ணியை முந்தி விட்டால் கட்டிபடும். அதே 10% டிஎம்எஸ்ஓ தனியா ஒரு குழியில, ஒப்பிட ஜென்ரமைசின் (நுண்ணுயிர்கொல்லி மருந்து) 10 மைக்ரோகிராம் வில்லை ஒண்டு.

கறுத்ததுக்குக் காரணம் இரும்பு. தனினோட சேர்ந்தால் மைதான். இரும்புச் சட்டியும் அதைத்தான் செய்யும். எங்கட வன்னிக் கிணறுகளில கல்சியமும் கூட, தனினை வீழ்படிவாக்கிப் போடும். ஏகர் கலக்கவும் அந்தத் தண்ணி வேண்டாம்.

குழித்தட்டு
ஈ.கோலைக்கு வெளிமென்சவ்வு இருக்கிறதால பெரிய மூலக்கூறுகள் உள்ளுக்குப் போறது கஷ்டம். தனின் ஏகருக்குள்ள ஊர்றதும் மெதுவு. அதால வளையம் சின்னன் எண்டால் சாறு பலவீனம் எண்டு எழுதிப் போடாதேங்கோ. 90 மி.மீ. கிண்ணத்துக்கு 25 மி.லீ. ஏகர், அப்பதான் 4 மி.மீ. தடிப்பு. வெட்டின குழியின்ர அடியில உருகின ஏகர் ஒரு துளி விட்டு அடையுங்கோ. இல்லாட்டி சாறு ஏகருக்குக் கீழால ஓடி வளையம் கோணலாகும். மக்ஃபார்லண்ட் 0.5 எண்ட நியமக் கலங்கலளவுக்கு எடுத்த பற்றீரியாக் கலங்கலை 15 நிமிடத்துக்குள்ள பூசுங்கோ.

உண்மையான ஒப்பீட்டுக்கு 96 குழித்தட்டில இரட்டை ஐதாக்கல் (குழிக்குக் குழி சாற்றின்ர செறிவைப் பாதியாக்கிறது) செய்யுங்கோ, மில்லிலீற்றருக்கு 5 இலட்சம் பற்றீரியாக் கலங்கள்.

அறிவியல்நகர் மாணவி
சாறு கடும் செம்மண் நிறம், பற்றீரியா வளர்ந்த கலங்கல் தெரியாதே?

குழித்தட்டு
றெசசூரின் சாயம் விடலாம், உயிர் இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். ஆனால் தனினும் அதைத் தாழ்த்தி நிறத்தை மாத்தும். பற்றீரியா இல்லாமல் சாறும் ஊடகமும் மட்டும் விட்ட வரிசை ஒண்டு கட்டாயம் வையுங்கோ. அதுவும் சிவந்தால் அந்தச் செறிவில நிறத்தை நம்பாமல், ஒவ்வொரு குழியிலயும் 5 மைக்ரோலீற்றர் எடுத்து வெறும் ஏகரில புள்ளி வைச்சு, அடுத்த நாள் வளர்ந்திருக்கோ எண்டு பாருங்கோ.